வேறு கோட்டில் உடைத்த தேங்காய்

எங்கள் வட்டாரத்தில் நீதிமன்றக் கட்டடங்கள் மூன்று இருக்கின்றன. மூன்றுக்குள்ளும் நான் போயிருக்கிறேன். குற்றம் செய்து அல்ல, பிள்ளைகள் பயப்பட வேண்டாம். நான் கல் வேலை செய்கிறவன். பழைய கட்டடங்களில் உதிர்ந்த கல்லைத் திருத்துவது என் தொழில். மூன்றில் மூத்தது ஒரு பிரபுவின் மாளிகை. அவருடைய குதிரைகள் நின்ற லாயத்தில் இப்போது காணிப் பதிவுகள் அடுக்கியிருக்கின்றன. நடுவிலானது மன்னராட்சிக் காலத்தில் சிவப்பு மணற்கல்லால் கட்டியது. கடைசி, கொங்கிறீட்டும் கண்ணாடியும். நடுவிலானதிலிருந்து கடைசிக்கு நானும் அப்பாவும் ஒரு காலை ஓடினோம். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்களை இந்த நாட்டில் இருக்க விடுவதா, திருப்பி அனுப்புவதா என்று விசாரிக்க நாள் குறித்துக் கடிதம் வந்திருந்தது. வீட்டில் ஜேர்மன் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "பத்து மணிக்கு டெர்மின். கோட்டுக்கு வரட்டாம்," என்றேன். குறித்த நேரத்துக்கு ஜேர்மனில் டெர்மின்; நீதிமன்றத்தை எங்கள் ஆட்கள் கோடு என்றுதான் சொல்வார்கள். கடிதத்தில் முகவரியும் இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. ஒரு நகரத்துக்கு ஒரு கோடுதான் என்பது அப்பாவின் எண்ணம். அது எங்கே என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகும் வழியில் தினமும் பார்க்கிறேனே, வாசலில் இரண்டு கற்சிங்கங்கள்!

நாங்கள் இருந்த அகதி விடுதியில் அம்மா கைக்குழந்தையோடு நின்று திருநீறு பூசி அனுப்பினாள். சித்தப்பா ஒரு பிளாஸ்டிக் பையோடு கூட வந்தார். பைக்குள் தேங்காய். வழக்கு நல்லபடி முடிய வேண்டுமென்று பிள்ளையாருக்கு நேர்ந்தது. எங்கள் நகரத்தில் அப்போது கோயில் இல்லை.

படிகளுக்குக் கீழே நின்று சித்தப்பா அண்ணாந்து பார்த்தார். "அண்ணை, இது கோடோ, கோயில் கோபுரமோ? இஞ்சையே உடைப்பம்."

"விசர் வேலை பாக்காதை. பொலிஸ் வரும்."

"நாலு பக்கமும் பாரடா, ஆரும் வருகினமோ?" என்று என்னிடம் கேட்டவர், நான் பார்த்து முடிக்கும் முன்பே மூன்றாவது படியின் ஓரத்தில் ஓங்கி அடித்தார். தேங்காய் சரிபாதியாய்ப் பிளந்தது. "பாத்தியளோ! கேஸ் வெண்ட மாதிரித்தான்."

உள்ளே போனதும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. எங்கள் முழு அகதி விடுதியையும் அந்த மண்டபத்துக்குள் வைத்துவிடலாம். அகலமான படிக்கட்டு மேலே ஏறி, இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் வளைந்து போனது. ஒவ்வொரு தூணின் தலையிலும் கல்லில் இலைகள், இலைகளுக்குள் முகங்கள். வண்ணக் கண்ணாடியால் வந்த வெளிச்சம் தரையில் சிவப்பும் நீலமுமாய்க் கிடந்தது. இவ்வளவு பெரிய வீடு கட்டி வைத்திருப்பவர்கள் எங்களைப் போகச் சொல்லமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்தபடி சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். என் கையைப் பிடித்திருந்த அப்பாவின் கை ஈரமாக இருந்தது.

வாசற்காவலர் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இங்கே களவு, அடிதடி வழக்குகள்தான். உங்களுடைய நீதிமன்றம் வேறு, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பேக்கரிக்குப் பின்னால் என்றார். சுவர்க் கடிகாரத்தில் பத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது. நான் அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா என்னைத் திட்டவில்லை. "எவ்வளவு தூரமாம்?" என்று மட்டும் கேட்டார். காவலர் தொலைபேசியை எடுத்துக்கொண்டே, மற்றக் கையால் எங்களை ஓடச்சொல்லிக் காட்டினார்.

வெளியே நின்ற சித்தப்பா விஷயம் கேட்டுத் தலையில் கை வைத்தார். "ஐயோ, உடைச்ச தேங்காயைத் திருப்பி ஒட்ட ஏலாதே! நீங்கள் ஓடுங்கோ அண்ணை, நான் பொறுக்கிக்கொண்டு வாறன்."

ஓடினோம். பாலத்தில் அப்பாவின் ஒரு சப்பாத்துக் கழன்றது. அதைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடினார்.

அந்தக் கட்டடத்தைப் பார்த்ததும் பல் டொக்டரிடம் வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். சிங்கம் இல்லை, தூண் இல்லை. மூன்றாம் மாடியில் எங்கள் சட்டத்தரணி வெளிறிப்போய் நின்றார். காவலரின் அழைப்பு வந்ததால் நீதிபதி காத்திருந்தார். கதவு திறந்தபோது எட்டிப் பார்த்தேன்: சாம்பல் நிறக் கம்பளம், நாலு மேசை, ஒரு பூச்சாடி, கறுப்பு அங்கியில் ஒரு பெண். அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளர் என்னை வெளியே இருக்கச் சொன்னார்.

கதவுக்குப் பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. பிறகு மறுபடி அப்பாவின் குரல், எனக்குத் தெரியாத ஒருவருடையதைப் போல.

வெளியே வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்து அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. கட்டடம் சின்னதாய்ப் போனதுதான் காரணம் என்று நான் முடிவு செய்தேன்.

"அழாதையுங்கோ அப்பா. அடுத்த முறை பெரிய கோட்டிலையே கேப்பம்."

அப்பா என்னைப் பார்த்தார். அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. "ஓமடா, கேப்பம்." அந்நேரம் லிஃப்ட் திறந்து பையோடு சித்தப்பா வந்தார். "அண்ணை, இந்தப் பாதியை இஞ்சையும் ஒருக்கால் காட்டிப்போட்டுப் போவமோ?"

சில வாரங்களில் மஞ்சள் உறையில் தீர்ப்பு வந்தது. இருக்கலாம் என்று.

போன வருடம் பெரிய நீதிமன்றத்தில் சாரம் கட்டி வேலை செய்தோம். ஏறுகிறவன் தன்னைச் சிறியவனாக உணர வேண்டும் என்றுதான் அந்தப் படிகளை அப்படிக் கட்டினார்களாம், எங்கள் மேஸ்திரி சொன்னார். உலகப் போரில் குண்டு விழுந்து கூரை எரிந்தபோதும் படிகள் நின்றன. பிறகு வந்தவர்கள், நீதி கேட்டு வருகிறவன் இனிப் பயப்படக் கூடாது என்று நினைத்து மற்றதை வெறும் பெட்டிபோலக் கட்டினார்களாம். மூன்றாவது படியின் ஓரத்தில் நகமளவு கல் பெயர்ந்திருந்தது. பெயர்ந்திருந்த மற்ற இடங்களை எல்லாம் நிரப்பினேன். அதை நிரப்பவில்லை.

அன்று அந்த மண்டபத்தில் அப்பா ஒரு முறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. சாம்பல் கம்பள அறையில் அவர் என்ன சொன்னார் என்பதை, வளர்ந்த பிறகு தீர்ப்பின் பக்கங்களில் வாசித்தேன். ஊரில் அவருக்கு நடந்தவை, வீட்டில் அவர் ஒருபோதும் சொல்லாதவை. இப்போதும் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனால், பின்னாலிருக்கும் அந்த மூன்றாம் மாடி யன்னலைத்தான் நான் அண்ணாந்து பார்க்கிறேன்.