சங்கு ஊதும் வரை

அந்த ஊர் நாட்காட்டியில் ஆண்டின் கடைசி ஐந்து நாட்களுக்குப் பெயர் கிடையாது. அந்த நாட்களில் யாரும் தலை வாருவதில்லை, அவசியமில்லாமல் வாசல் தாண்டுவதில்லை. அப்போது பிறக்கும் பிள்ளை உருப்படாது என்பார்கள். மருத்துவச்சி இஷ் சுனூன் அப்படிப் பிறந்தவள்தான். அவளைக் கட்டிக்கொள்ள ஒருவனும் வரவில்லை. ஆனால் முப்பது வருடமாக ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவள் கையில்தான் விழுந்தன.

ஐந்தாம் நாள் இரவும் கழிந்து கிழக்கு வெளுத்தபோது இஷ் முகூய்க்கு வலி முற்றியது. சூரியன் தலைகாட்டியதும் கோயிலில் சங்கு ஊதுவார்கள். அப்புறம்தான் புது வருடம்; அது வரை ஐந்தாம் நாள்தான்.

"இன்னும் கொஞ்சம் அடக்கிக்கடி!" என்று மாமியார் இஷ் பேக் கத்தினாள்.

"நீங்க வேணா வந்து அடக்கிப் பாருங்க அத்தை!" என்று முகூய் பல்லைக் கடித்தாள்.

பிள்ளை வந்தே விட்டது. வீறிட்டு அழுதது. சங்கு மட்டும் ஊதவில்லை.

மாமியார் தலையில் கைவைத்துச் சுனூனைப் பார்த்தாள். "போச்சு! உன்னை மாதிரியே இன்னொண்ணு!"

சுனூன் பிள்ளையைத் தாயின் வயிற்றில் கிடத்தினாள். "என்ன போச்சு? மக்காச்சோளக் கதிர் மேல வச்சுத் தொப்புள்கொடிய அறுத்தாத்தான பிள்ளை தனி ஆளு? நான் இன்னும் கத்தியவே தொடலை. அது வரைக்கும் இது அம்மாவோட உடம்புதான்."

"அப்படின்னு யாரு சொன்னா?"

"எத்தனை பிள்ளை எடுத்திருக்கேன்! நான் சொல்றேன்."

அப்போது சங்கு முழங்கியது. முரசுகள் அதிர, வெளியே சனம் ஆர்ப்பரித்தது. மாமியார் பாய்ந்துபோய்க் கதிரை எடுத்து வந்து நீட்டினாள்.

"அறு தாயி, சீக்கிரம் அறு!"