ஆறு பேர் கூலி, ஒருவர் பெயர்

வருமான வரி விதிகளில் 37BA என்று ஒன்று உண்டு. ஒருவருக்குக் கொடுத்த பணத்தில் வரி பிடித்திருந்தாலும், அந்தப் பணம் உண்மையில் வேறொருவரின் வருமானம் என்றால், பணம் வாங்கியவர் அப்படி எழுதிக் கொடுக்கலாம். வரி பிடித்தவர் அதை ஏற்று, உரியவர் பெயரில் கணக்கை மாற்றிக் காட்ட வேண்டும். தெளிவான, நியாயமான விதி. தணிக்கைத் துறையில் என் ஆயுளில் பாதியைக் கழித்தவன் நான். பயன்படுத்த ஆளில்லாத விதிகள்தாம் பெரும்பாலும் தெளிவாக எழுதப்பட்டிருக்கும் என்பது என் அனுபவம்.

ஆனையூரிலிருந்து அந்த அம்மாள் என் வீட்டுக்கு வந்தது ஒரு மார்கழிக் காலை. கே.கே. நகரில் மனு எழுதத் தெரிந்த ஓய்வூதியக்காரன் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். கல்யாண மண்டபம் ஒன்றில் விசேஷம் முடிந்த மறுநாள் கழுவித் துடைத்துக் கொடுக்கும் ஆறு பெண்களில் ஒருவர். அரசு மாதாமாதம் பெண்களுக்குத் தரும் உதவித்தொகை அவருக்குத் திடீரென்று நின்றுவிட்டது. கேட்டதற்கு, "நீங்க வரி கட்டுறவங்க" என்று பதில் வந்திருக்கிறது.

"நான் கூட்டிப் பெருக்குறவ சார். என்னத்த வரி கட்டப் போறேன்?" என்றார். அவர் கணவர் வாதம் வந்து படுத்திருந்தார். உதவித்தொகை அப்படியே மாத்திரைக்குப் போய்க்கொண்டிருந்தது. "இப்ப ஒரு மாத்திரைய ரெண்டா ஒடைச்சுக் குடுக்குறேன். டாக்டர்கிட்ட சொல்லல."

நடந்தது இதுதான். ஆறு பேரில் பான் அட்டை வைத்திருந்தவர் இவர் மட்டும். மகளிர் குழுக் கடனுக்காக எப்போதோ எடுத்தது. மண்டபத்துக்காரர்கள் ஆறு பேர் கூலியையும், இவர் பான் எண்ணில் வரி பிடித்துக்கொண்டு, மொத்தமாக இவர் வங்கிக் கணக்கில் போட்டுவிடுவார்கள். இவர் அன்றைக்கே எடுத்துச் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார். யாருக்கும் மனக்குறை இல்லாமல் பல ஆண்டுகளாக நடந்த ஏற்பாடு. அரசின் ஏட்டிலோ ஆறு பேர் சம்பாத்தியமும் இவர் ஒருவருடையது. தினக்கூலிப் பெண், தாம் அறியாமலே காண்டிராக்டராக உயர்ந்திருந்தார்.

அவரை அழைத்துக்கொண்டு மண்டபத்துக் கணக்காளரைப் பார்க்கப் போனேன். இளைஞர், மரியாதையானவர்.

"இதுக்கு ஏன் சார் இம்புட்டு அலைச்சல்? ரிட்டர்ன் போடச் சொல்லுங்க. பிடிச்ச வரி அம்புட்டும் ரீஃபண்டா வந்துரும்."

"வரும் தம்பி. ஆனா மொத்தத்தையும் தன் வருமானம்னு இவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அப்புறம் உதவித்தொகை ஜென்மத்துக்கும் வராது."

விதியைச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதில்லை. தம் ஆடிட்டரைத் தொலைபேசியில் கேட்டார். அவர் கேள்விப்பட்டிருந்தார், ஆனால் யாரும் இதுவரை எழுதிக் கொடுத்ததில்லையாம். கணக்கைத் திருத்த மண்டபம் சம்மதித்தது. மற்ற ஐந்து பேரின் பெயர், முகவரி, பான் எண் வேண்டும். "என் பங்கு எனக்கு வந்தது" என்று ஆளுக்கொரு கையெழுத்தும் வேண்டும் என்றார் கணக்காளர். விதியில் அது இல்லை. இருந்தாலும் அவர் பயம் எனக்குப் புரிந்தது.

பான் எண் இப்போது ஆதாரைக் கொண்டு இலவசமாக எடுத்துவிடலாம். ஆகவே வேலை பாதி முடிந்தது என்று நினைத்தேன். வழிமுறைகளை மட்டும் படித்தவன் அப்படித்தான் நினைப்பான்.

ஒரு முகூர்த்தத்துக்கு மறுநாள், பந்திக் கூடத்தில் ஆறு பேரையும் பார்த்தேன். எச்சில் இலைகளை அள்ளிப் போட்டுவிட்டு, மேசைகளில் ஒட்டிக் காய்ந்திருந்த பாயசத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். நான் விளக்கி முடித்ததும், அவர்களில் ஒருத்தி கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தாள்.

"ஏங்க்கா, உனக்கு நின்னு போச்சு, சரி. எனக்கும் நிக்கணும்ங்கிறியா?"

"உன் பங்க மட்டும் உன் பேர்ல எழுதுறாங்கடி."

"பான் கார்டு எடுத்ததாலதான உன்னைப் பிடிச்சாங்க? இப்ப என்னையும் எடுக்கச் சொல்ற."

"நான் ஒத்த ரூவா கூட வச்சுக்கிட்டதில்ல."

"அத யாரு கேட்டா? நீ குடுத்த, நாங்க வாங்குனோம். காயிதம் எதுக்கு?"

தனித்தனியாகப் பிரித்தால் யாருடைய பங்கும் உதவித்தொகைக்கான வருமான வரம்புக்குப் பக்கத்தில்கூட வராது, உதவித்தொகை நிற்காது என்று நான் குறுக்கிட்டுச் சொன்னேன்.

"சாருக்கென்ன, பென்ஷன்காரரு. நாளைக்கு நின்னு போச்சுன்னா மாசாமாசம் சாரா வந்து குடுப்பாரு?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் கேட்டதில் பிழையில்லை. விதி எழுதியவர்கள் உத்தரவாதம் எதுவும் எழுதவில்லை. நேற்று வரை வந்த பணம் முன்னறிவிப்பின்றி நின்றதற்குச் சாட்சி அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது.

அந்த அம்மாள் வாதாடவில்லை. குனிந்து மேசையைச் சுரண்டத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, அவர்களில் வயதில் மூத்தவர் கேட்டார்: "ஏத்தா, அன்னைக்கு அந்தக் கார்டு என்கிட்ட இருந்திருந்தா, பணம் என் பேர்லதான போட்டிருப்பாங்க?"

"ஆமா மதினி."

"அப்ப எனக்குத்தான நின்னிருக்கும்."

மூத்தவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "எங்க சார் வைக்கணும்?" என்றார். அவருக்குப் பின் மூன்று பேர் வந்தார்கள். கேள்வி கேட்டவள் வரவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

அவள் பங்கு இந்த அம்மாள் பெயரிலேயே நின்றது. அதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன்; வரம்புக்குள்தான் வந்தது. கையெழுத்திட்ட நால்வருக்கும் பான் எண் எடுத்த பின், மண்டபம் திருத்த அறிக்கை தாக்கல் செய்தது. வரித்துறை ஏட்டில் எண்கள் மாறியதும், அந்த நகலை வைத்துக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய குறிப்புகளிலேயே சிறியது அதுதான்.

மாதங்கள் போயின. மண்டபம் இப்போது ஆறு பேருக்கும் தனித்தனியே கூலி போடுகிறது. மற்றவர்களுக்கு உதவித்தொகை நிற்கவில்லை; கையெழுத்திட்டவர்களுக்கும் வந்தது, இடாதவளுக்கும் வந்தது. அவளும் இந்த அம்மாளும் ஒரே கூடத்தில் வேலை செய்கிறார்கள், பேசிக்கொள்வதில்லை. "அவ பயந்தது தப்பில்ல சார்," என்றார் இந்த அம்மாள் ஒருமுறை. "ஆனா அவ மூஞ்சியப் பாக்க முடியல."

பதில் தபாலில் வந்தது. பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்தார். மேல்முறையீடு ஏற்கப்பட்டது, வரும் மாதம் முதல் தொகை வழங்கப்படும் என்றிருந்தது.

"நின்ன மாசத்துக்கெல்லாம்?"

"அதுக்கு இல்லம்மா."

கடிதத்தை வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "போயிட்டு வாரேன் சார்" என்று சொல்லிவிட்டு, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். வைகாசி முகூர்த்தம் ஒன்றுக்கு மறுநாள் அது, மண்டபத்தில் வேலை நாள்.