எட்டு நாள் குறைந்த கணவன்

கண்டி பஸ் நிலையத்தில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக இருபது வருடம் வேலை பார்த்தவன் நான். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கொப்பியில் எழுதுவதும், கிளம்பாத பஸ்ஸின் விலாவில் உள்ளங்கையால் அடித்து விரட்டுவதும் என் தொழில். ஒரு பஸ் இரண்டு நிமிடம் முந்திப் போனாலும் அடுத்த பஸ்காரன் என்னிடம்தான் சண்டைக்கு வருவான். ஆகவே நேரத்தைப் பற்றி எனக்கு எவனும் பாடம் எடுக்க முடியாது என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையோடுதான் என் அமெரிக்கப் பயணத்துக்கு நானே நேரம் குறித்தேன். அதில் நான் ஆடிய கூத்தை என் மனைவி இப்போதும் விருந்தாளிகளுக்குத் தேநீரோடு சேர்த்துப் பரிமாறுகிறாள். அவள் சொல்லும்போது நான் நிஜத்தைவிடக் கொஞ்சம் பெரிய முட்டாளாக வருகிறேன். சரியான அளவில் நானே எழுதி வைத்துவிடுவது நல்லது.

நாற்பத்தெட்டாவது வயதில் எனக்குக் கல்யாணம் நடந்தது. பெண் நாவலப்பிட்டிக்காரி. சின்ன வயதில் அண்ணனோடு அமெரிக்கா போய், அந்த நாட்டுக் குடியுரிமையும் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ஒரு வேலையும் வாங்கி, எனக்குச் சளைக்காமல் தனியாக இருந்தவள். நாற்பது நாள் லீவில் வந்தாள். தாலி கட்டிய நான்காம் நாள் திரும்பிப் பறந்தாள். கணவனை அழைத்துக்கொள்வதற்கான விண்ணப்பங்களை அவளே அங்கிருந்து நிரப்பினாள். அவள் காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

அமெரிக்கத் தூதரகத்தார் கேட்ட ஆதாரம்தான் என்னைக் கொன்றது. நாங்கள் உண்மையிலேயே புருஷன் பெண்சாதி என்று காட்டப் படங்கள் வேண்டுமாம். ஆல்பத்தைப் புரட்டினால் எல்லாப் படத்திலும் எங்களுக்கு நடுவில் என் அக்கா நிற்கிறாள். கோயில் வாசலில் அக்கா, சாப்பாட்டுப் பந்தியில் அக்கா, விமான நிலையத்தில் அக்கா. பார்க்கிறவர்கள், நாங்கள் இருவருமாகச் சேர்ந்து என் அக்காவைக் கட்டிக்கொண்டோம் என்றுதான் நினைப்பார்கள். கொழும்பில் நேர்முகத்துக்குப் போன அன்று மூன்று தடவை கழிப்பறைக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எப்படிச் சந்தித்தீர்கள், மனைவி காலையில் என்ன சாப்பிடுவார், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று மூன்றே கேள்வி கேட்டார். தேதியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டியே வந்திராது.

மாசியில் விசா கிடைத்தது. ஆறு மாதத்துக்குள் போய் இறங்கிவிட வேண்டும். வருடப்பிறப்பு முடியட்டும், வெசாக் பண்டிகை முடியட்டும், வேலைக்குப் புதிதாக ஓர் ஆள் பழகிவிடட்டும் என்று நான் மெதுவாக மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, ஆனி மாதத்தில் ஒரு நாள் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு மனிதர் பேச்சுக் கொடுத்தார். அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தவர். கல்யாணமாகி இரண்டு வருடம் முடியுமுன் அங்கே போய் இறங்கினால் இரண்டு வருடத்துக்கான குடியிருப்பு அட்டைதான் தருவார்களாம். அது முடிகிற சமயத்தில், நாங்கள் இன்னும் உண்மையான தம்பதிதான் என்று மறுபடியும் ஆதாரம் காட்ட வேண்டுமாம். இரண்டு வருடம் முடிந்த பிறகு இறங்கினால் பத்து வருட அட்டை, கேள்வி கிடையாது. இதைச் சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

நான் வீட்டுக்கு ஓடி அலுமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். விசா முடிகிற நாளையும் தாலி கட்டிய நாளையும் கலண்டரில் விரல் வைத்து எண்ணினேன். விசா முடிந்து எட்டாம் நாள்தான் எங்கள் இரண்டாவது கல்யாண நாள். அக்காவைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். அவளுக்கும் எட்டுதான் வந்தது.

எட்டு நாள் குறைந்த கணவனாக நான் அமெரிக்காவில் இறங்க வேண்டும். மறுபடி ஆல்பம், மறுபடி அக்கா. இதை மனைவியிடம் நேராகச் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால், "இரண்டு வருடம் கழித்து நம் கல்யாணத்தை நிரூபிக்க எனக்குப் பயமாயிருக்கிறது" என்று ஒரு புருஷன் சொன்னால் பெண்சாதியின் காதில் அது எப்படி விழும்? ஆகவே ஏதாவது வழி தெரிகிறவரை நாளைக் கடத்தப் பொய்களைச் சொன்னேன். முதலில் பல்வலி. பிறகு அக்கா வீட்டுக் கூரை ஒழுகல். ஆடி வந்ததும் பெரஹரா ஊர்வலம். ஊரே கண்டிக்கு வருகிறது, பஸ்ஸுகளை விட்டுவிட்டு வர முடியாது. டிக்கட் மட்டும் எடுக்கவில்லை.

அவள் தினமும் வேலை முடிந்து படுக்கப் போகுமுன் பேசுவாள். எனக்கு அது காலை நேரம். கொஞ்சம் கொஞ்சமாக அவள் கேள்விகள் குறைந்தன. பல்லைப் பற்றி விசாரிப்பதை நிறுத்தினாள். ஒரு நாள், "இன்னிக்கு என்ன விசேஷம்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். நானும் உற்சாகமாக, இன்றைக்குக் கூடுதலாக நாற்பது பஸ் ஓடுகிறது என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். அடுத்த நாள் அழைப்பு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நான் அழைத்தாலும் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் ஒரே ஒரு குரல் செய்தி வந்தது. "என்னங்க, நீங்க வர்றீங்களா இல்லையா? வர்றதுக்கு மனசு இல்லேன்னா அதையாவது சொல்லுங்க. கூரை மேல பழிய போடாதீங்க."

அதைக் கேட்டபோது நான் சில்வர் டம்ளரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தேநீர் மூக்கு வழியாக வந்தது. மனைவி போய்விடுவாளோ என்று ஒரு பக்கம், அட்டை போய்விடுமோ என்று மறுபக்கம். இப்படிப்பட்ட நேரத்தில் புத்தியுள்ளவன் அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்வான். நான் தூதரகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். விசாவைத் தயவுசெய்து ரத்துச் செய்து, அதன் தவணைக்கு எட்டு நாள் கழித்துப் புதிதாகத் தரவேண்டும் என்று, மிகப் பணிவான இங்கிலீஷில்.

அதை டைப் செய்யப் பிலிமத்தலாவைக்குப் போனேன். கண்டியில் செய்தால் பஸ் நிலையம் முழுவதும் தெரிந்துவிடும். அங்கே ரோட்டோரமாக விமான டிக்கட் கடை வைத்திருக்கும் நண்பன் ஒருவன், என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தவன், முஸ்லிம். கடிதத்தை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பைத்தியமா என்று கேட்கவில்லை. கூட அனுப்ப வேண்டிய பைலைத் தரச் சொன்னான். ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டு வந்தவன் ஓரிடத்தில் நின்றான்.

"மச்சான், ஒங்களுக்கு எத்தன பொஞ்சாதி?"

"ஒண்ணையே போய்ப் பாக்க வழியில்லாமத்தானே ஒங்கிட்ட வந்திருக்கேன்."

"அப்ப இந்த சேர்ட்டிபிகேட்ல ஈக்கிறது யாருட கலியாணம்? நீங்க எழுதின தேதிக்கு இது ஒரு மாசம் முந்தி ஈக்குதே."

எட்டிப் பார்த்தேன். ஆடி மாதத் தேதி. எனக்குச் சிரிப்பு வந்தது. அது ஒன்றுமில்லை, கையெழுத்துப் போட்ட நாள் என்று விளக்கினேன். ஆடியில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆனால் தாலி கட்டுகிறவரை காத்திருந்தால், அவள் லீவு முடிவதற்குள் சான்றிதழின் பிரதியும் மொழிபெயர்ப்பும் கைக்கு வராது. ஆகவே பதிவை மட்டும் ஆடியிலேயே முடித்தோம். "கடுதாசிக்கு ஆடி ஏது தம்பி? இது கல்யாணம் இல்ல, கையெழுத்து" என்று மாமியார் தீர்ப்புச் சொன்னார். கையெழுத்துப் போட்ட கையோடு மகளை இழுத்துக்கொண்டு நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏறினார். ஒரு தேநீர் சேர்ந்து குடிக்கவும் விடவில்லை. நான் மாப்பிள்ளைச் சட்டையோடு பிற்பகல் வேலைக்குப் போனேன். அன்றைக்கு எங்களுக்குக் கல்யாணமானது என்று சொன்னால் எங்கள் பக்கம் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நண்பன் பொறுமையாகக் கேட்டான். "எல்லாஞ் செரி. அமெரிக்காக்காரனுக்கு ஒங்கட மேளச் சத்தம் கேட்டீக்குமா? அவனுக்கு இந்தக் கடுதாசிதான் கலியாணம்."

மேசை மேலிருந்த கலண்டரைப் பார்த்தேன். விரல் வைத்து எண்ண வேண்டியிருக்கவில்லை. அந்தக் கணக்கில் எங்களுக்கு இரண்டு வருடம் முடிந்து அன்றோடு நாலு நாள். விசாவுக்கோ இன்னும் இரண்டு கிழமைக்கு மேல் இருந்தது. எட்டு நாள் குறைந்தவன் ஒரே நொடியில் நாலு நாள் கூடியவனாகிவிட்டேன். எழுந்து நண்பனைக் கட்டிப்பிடித்தேன். உட்கார்ந்திருந்த கதிரை பின்னால் விழுந்தது. ஆடி, கையெழுத்து, கடுதாசி என்று எதையோ உளறிக்கொண்டு கடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினேன். மக்காவுக்கு உம்ரா போக டிக்கட் விசாரிக்க வந்திருந்த ஒரு தம்பதி, எழுந்துகொள்வதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதியில் நின்றார்கள்.

பிறகுதான் அந்த நாலு நாள் எனக்கு உறைத்தது. நாலு நாளைக்கு முன்தானே அவள், இன்னிக்கு என்ன விசேஷம் என்று கேட்டாள்? நான்தானே நாற்பது பஸ் என்றேன்?

அங்கிருந்தே கூப்பிட்டேன். அவளுக்கு அது நல்ல தூக்க நேரம். ஆறாவது தடவை எடுத்தாள். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பல் வலிக்கவில்லை, கூரை ஒழுகவில்லை, இரண்டு வருட அட்டை, பத்து வருட அட்டை, ஆல்பம், எட்டு நாள், ரத்துச் செய்யச் சொல்லிய கடிதம், எல்லாம். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"அன்னிக்கு நாவலப்பிட்டி பஸ்ஸ மூணு நிமிஷம் பிடிச்சு வச்சீங்க, ஞாபகம் இருக்கா?" என்றாள். "ஜன்னல்ல நான் உக்காந்திருந்தேன். டிரைவர் ஹோர்ன் அடிக்கிறாரு, அம்மா திட்டுறாங்க. நீங்க கொப்பியப் பாக்குற மாதிரி என்னையே பாத்துக்கிட்டு நின்னீங்க. எனக்கு அன்னிக்குத்தான் கல்யாணம். தாலி கட்டுனப்ப ஒங்க அக்கா முதுகுதான் தெரிஞ்சிச்சு."

இரண்டு வருடமாக அவள் ஒரு நாளைக் கொண்டாடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வேறொரு நாளுக்குக் காவல் இருந்திருக்கிறேன்.

"ஒங்களுக்கு வாங்கின குளிர் கோட்ட நாளைக்குக் கடையில திருப்பிக் குடுக்கலாம்னு இருந்தேன்" என்றாள். "நாளையோட தவணை முடியுது. குடுக்கவா, வேணாமா?"

"வேணாம்."

"கை நீளமா இருக்கும்."

"மடிச்சு விட்டுக்கிறேன்."

அப்போதுதான் அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. ரத்துச் செய்யச் சொல்லி எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். மிகப் பணிவான இடம் வந்தபோது நண்பனும் உம்ராத் தம்பதியும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சத்தம் அடங்குமுன் நண்பன் டிக்கட்டை அச்சடித்துவிட்டான்.

அடுத்த கிழமை போய் இறங்கினேன். விமான நிலையத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அதிகாரி என் தாள்களைப் பார்த்தபடி, கல்யாணமாகி எவ்வளவு காலம் என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்விக்குத் தயாராக இருந்தேன். "இரண்டு வருடமும் பதினொரு நாளும்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பெரும்பாலான கணவன்மாருக்கு வருடமே ஞாபகம் இருக்காது, உங்கள் மனைவி அதிர்ஷ்டசாலி என்று சொல்லிப் பத்து வருட அட்டைக்கு முத்திரை குத்தினார்.

வெளியே நின்றவளிடம் பெருமையாக அதைச் சொன்னேன்.

"எந்தக் கவுண்டர்?" என்றாள். "நான் ஒரு நிமிஷம் போய் அவருகிட்ட பேசிட்டு வர்றேன்."