எண்ணெய் தேய்த்து, பவுடர் பூசி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பதினேழு வயதில் நான் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பள்ளியிலிருந்து கீழே சமவெளியில் இருக்கும் ஈப்போ நகருக்கு ஒரு ரோபோ போட்டிக்குப் போயிருந்தோம். நடந்தது ஈப்போவில் என்றாலும், கதை தொடங்குவது எங்கள் ஊரான கேமரன் மலையில், எங்கள் அம்மாவின் தேங்காய் எண்ணெய் பாட்டிலில். அந்த பாட்டில் எப்படித் திடீரென்று காலியானது என்று அம்மா இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

எங்கள் குழுவில் மூன்றே பேர்தான். தலைவி என் தோழி. அவளுடைய வீட்டார் கியா பார்ம் சந்தையில் காய்கறியும் ஸ்ட்ராபெரியும் விற்கிறார்கள். கடையில் பேரம் பேசுகிறவர்களைச் சமாளித்துப் பழகியவள் என்பதால், யாரையும் ஒரே பார்வையில் அடக்கிவிடுவாள். ரோபோவை ஓட்டுவது பக்கத்து ஊரான ரிங்லெட்டிலிருந்து வரும் ஒரு சீனப் பையன். சிறு வயதிலிருந்தே தோட்டத்துப் பிள்ளைகளோடு சுற்றியவன். தமிழில் எங்களைவிட நன்றாகக் கிண்டல் செய்வான். மூன்றாவது ஆள் நான். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்த பெண். எனக்கு ரோபோவை ஓட்டவும் வராது, கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதவும் வராது. ஸ்பேனரும் திருகாணியும் கையில் கிடைத்தால் மட்டும் நேரம் போவதே தெரியாது. அதனால் ரோபோவின் "ஏறும் கை" என் பொறுப்பாக வந்தது.

போட்டி இதுதான். ரோபோ பந்துகளைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட வேண்டும். கடைசி அரை நிமிடத்தில், உயரத்தில் இருக்கும் ஒரு கம்பியைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொண்டு தொங்கினால் கூடுதல் புள்ளிகள். அதற்குத்தான் அந்தக் கை. ஒன்றுக்குள் ஒன்றாக நுழையும் மூன்று சதுர அலுமினியக் குழாய்கள். உள்ளே ஒரு நீள ஸ்பிரிங், அதை அடக்கிப் பிடிக்க ஒரு கயிறு, உச்சியில் ஒரு கொக்கி. கயிற்றைத் தளர்த்தினால் குடைக்காம்பு போல மேலே நீளும். மோட்டார் கயிற்றைச் சுற்றி இழுத்தால் குழாய்கள் உள்ளே போகும், கொக்கி கம்பியில் மாட்டியிருப்பதால் ரோபோ மேலே ஏறும். மோட்டாரையும் கயிறு சுற்றும் உருளையையும் இணைத்தது, அம்மாவின் பழைய தையல் மெஷினிலிருந்து கழற்றிய ரப்பர் பெல்ட். ஆமாம், அதற்கும் அம்மா திட்டினார்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும். குழாய்களுக்கு நடுவே இடைவெளி அதிகமானால் கை ஆடும். குறைந்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் வெட்டுப்பலகையைத் துண்டு துண்டாக அறுத்து, தேய்த்து, ஒவ்வொரு குழாய்க்கும் நடுவே பொருத்தினேன். அப்போதும் கிரீச்சிட்டது. கறுப்பு கிரீஸ் போட்டுப் பார்த்தேன். பந்து, சட்டை, தோழியின் பள்ளிப் புத்தகம் எல்லாம் கறுப்பானது. அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. கீழே சமவெளியில் இருப்பவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றுகிற பொருள். எங்களுக்கு அது தோண்டுகிற பொருள். மலைக் குளிரில் அது எப்போதும் வெள்ளையாக உறைந்துதான் இருக்கும். காலையில் தலைக்குத் தேய்க்க அடுப்பு ஓரத்தில் வைத்து உருக்க வேண்டும், அல்லது கரண்டிக் காம்பால் சுரண்ட வேண்டும். பார்த்தால் அப்படியே வெள்ளை கிரீஸ். கறை கிடையாது, வாசனையும் உண்டு! அம்மாவின் பாட்டிலைச் சுரண்டிச் சுரண்டிக் குழாய்களில் பூசினேன். கை சத்தமே இல்லாமல் மேலே போனது, கீழே வந்தது. நான் துள்ளிக் குதித்தேன்.

தோழிக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. அந்தக் கை கனமானது, அதனால் ரோபோ மெதுவாக ஓடுகிறது, திரும்பும்போது சாய்கிறது என்பது அவள் வாதம். அதிலும் உண்மை இருந்தது. கடைசியில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த சார் முன்னிலையில் ஒரு முடிவுக்கு வந்தோம்.

"ஈப்போல பயிற்சி ஓட்டம் தருவாங்கல்ல, அதுல ஏறிக் காட்டட்டும். ஏறலன்னா கழட்டி வச்சிட்டு பந்து மட்டும் போடலாம். சரியா?" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனதில் ஒரே கேள்விதான். ஓட்டுவது அவன், புரோகிராம் அவள். கையைக் கழற்றிவிட்டால் அந்த ரோபோவில் நான் எங்கே இருக்கிறேன்?

போட்டியன்று பள்ளி வேனில் கிளம்பினோம். நல்ல பனி, எல்லோரும் ஸ்வெட்டரில் இருந்தோம். மலையடிவாரத் தாப்பாவுக்குப் போகும் வளைவுகளில் இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றினோம், ஜன்னலைத் திறந்தோம். ஈப்போ வந்தபோது வெந்துபோயிருந்தோம். ரோபோ வேனின் பின்பக்கம், வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் அமர்ந்து வந்தது. அது வெந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சார்தான் அதை அணைத்துத் தூக்கி இறக்கினார். மண்டபத்துக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவருடைய சட்டையின் முன்பக்கம் முழுக்க ஈரம். முதலில் வியர்வை என்று நினைத்தார். பிறகு மோந்து பார்த்தார்.

"யாரு தலைக்கு இவ்ளோ எண்ணெ வச்சிருக்கிறது?" என்றார்.

நான் குனிந்து ரோபோவைப் பார்த்தேன். என் வெள்ளை கிரீஸைக் காணோம். உருகி, குழாய்களில் வழிந்து, கயிறு, உருளை, பெல்ட், சக்கரம் என்று ஒன்றையும் விடாமல் குளிப்பாட்டியிருந்தது. அம்மாவின் பாட்டிலில் இருந்தது முழுவதும் அங்கே இருந்தது.

அதற்குள் பயிற்சி ஓட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கிடைத்த காகிதத்தால் துடைத்துக்கொண்டே ஓடினோம். கை மேலே போனது, கொக்கி கம்பியில் மாட்டியது. அதை இழுக்கும் பொத்தான் மட்டும் என் கையில்; அழுத்தினேன். மோட்டார் சுற்றும் சத்தம் நன்றாகவே கேட்டது. ரோபோ மட்டும் தரையைவிட்டு ஒரு விரல் அளவுகூட எழும்பவில்லை. எண்ணெயில் ஊறிய பெல்ட் வழுக்கிக்கொண்டே இருந்தது. கீழே விரிப்பில் சொட்டுச் சொட்டாக எண்ணெய். நடுவராக இருந்த பெண்மணி ஓடிவந்தார். இப்படிச் சொட்டிக்கொண்டு இனி களத்துக்குள் வரக்கூடாது, காய்ந்த பிறகுதான் அனுமதி என்று கண்டிப்பாகச் சொன்னார்.

"அலாமாக்! நம்ம ரோபோ தீபாவளி குளியல் போட்டுட்டு வந்திருக்கு லா" என்றான் சீனப் பையன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணீர்தான் முட்டிக்கொண்டு வந்தது.

எங்கள் மேசைக்குத் திரும்பியதும் தோழி திருகாணி கழற்றும் சாவியை எடுத்தாள். கையைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளில் முதலாவதைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் பொறுடி. தொடச்சிட்டா சரியாயிடும்."

"பேசுனது என்ன? ஏறலன்னா கழட்டலாம்னு தானே பேசுனோம்?"

"நம்ம பேரக் கூப்பிடுற வரைக்கும் டைம் குடு. அதுக்குள்ள ஆகலன்னா நானே கழட்டித் தரேன்."

அவள் என்னைப் பார்த்தாள். சாவியைக் கீழே வைக்கவில்லை, ஆனால் இரண்டாவது திருகாணியைத் தொடவும் இல்லை.

பக்கத்து மேசையில் ஒரு மலாய்ப் பெண்கள் குழு. எங்கள் முதல் ஆட்டமே அவர்களுக்கு எதிராகத்தான். அவர்களில் ஒரு பெண், நான் காகிதத்தால் தேய் தேய் என்று தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து, எண்ணெயை இழுக்கும் ஸ்பிரிட் பாட்டிலையும் ஒரு பழைய டி-ஷர்ட்டையும் நீட்டினாள். இந்த வாசனையில் எங்களுக்குப் பசி எடுக்கிறது, சீக்கிரம் துடையுங்கள் என்று மலாயில் சொல்லிச் சிரித்தாள். "தெரிமா காசே" என்று நன்றி சொல்லி இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

குழாய்களைத் தனித்தனியாக உருவினேன். டி-ஷர்ட்டைக் கிழித்து, நீள ஸ்கேலில் சுற்றி, ஒவ்வொரு குழாயையும் உள்ளும் புறமும் துடைத்தேன். பெல்ட்டை ஸ்பிரிட்டில் குளிப்பாட்டினேன். கயிற்றை மாற்றினேன். புதுக்கயிற்றின் நுனியில் என் தலையிலிருந்த ஹேர்பின்னைக் கட்டிக் குழாய்க்குள் இறக்கி, அடியில் வெளியே எடுத்து, உருளையில் முடிச்சுப் போட்டேன். பள்ளியில் இதை எத்தனையோ முறை கழற்றி மாட்டியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டுகூடச் செய்வேன்.

எல்லாம் மாட்டிக் கையை நீட்டிப் பார்த்தேன். கிரீச்! பாதியிலேயே நின்றுவிட்டது. எண்ணெய் சுத்தமாகப் போயிருந்தது, வழுக்கலும் அதோடு போயிருந்தது. குழாய் காய்ந்தும் இருக்க வேண்டும், வழுக்கவும் வேண்டும். அப்படி ஒரு பொருளுக்கு ஈப்போவில் நான் எங்கே போவேன்? நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"சரி. கழட்டிக்கோ" என்றேன்.

தோழிக்கு ஈப்போ வெக்கை ஒத்துக்கொள்ளவே இல்லை. முகமெல்லாம் சிவந்து, கழுத்தெல்லாம் வியர்த்து, காலையிலிருந்து அவள் செய்துகொண்டிருந்த ஒரே வேலை பவுடர் போடுவதுதான். கீழே சூடு தாங்க மாட்டாய் என்று அவள் அம்மா ஒரு பெரிய டப்பாவையே அவள் பைக்குள் வைத்து அனுப்பியிருந்தார். அப்போதும் கழுத்தில் அப்பிக்கொண்டுதான் இருந்தாள். திடீரென்று அவள் கை நின்றது. விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு குழாயைப் பார்த்தாள். பிறகு என்னை.

"ஏய், இது வழுக்குது தானே?"

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

பெல்ட்டில் மட்டும் படாமல் துணியால் மூடிக்கொண்டு, குழாய்களை உருவி, இருவருமாக டப்பாவைக் கொட்டித் தடவினோம். மறுபடி நுழைத்து, கயிற்றைத் தளர்த்தினேன். கை வழுக்கிக்கொண்டு மேலே போனது, உச்சியில் புஸ்ஸென்று ஒரு வெள்ளைப் புகை விட்டது. சீனப் பையன் இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

"எண்ணெ தேச்சாச்சு, பவுடரும் போட்டாச்சு. இனி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் லா!"

இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது. தோழி சிரித்த சிரிப்பில் டப்பாவே கீழே விழுந்தது. சின்ன வயதில் எங்கள் இருவரையும் எங்கள் அம்மாக்கள் அப்படித்தான் பள்ளிக்கு அனுப்பினார்கள், முகத்தில் வெள்ளைத் திட்டுகளோடு.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் ரோபோவைத் தூக்கப் போனபோது தோழி தடுத்தாள். கையிலிருந்த சாவியால், தான் தளர்த்திய திருகாணியை நன்றாக இறுக்கினாள். மற்ற மூன்றையும் ஒரு முறை இறுக்கிப் பார்த்துவிட்டு, "இப்ப தூக்கு" என்றாள்.

ஆட்டத்தில் நாங்கள் போட்ட பந்துகளைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கடைசி அரை நிமிடத்துக்கான மணி அடித்தது. அவன் ரோபோவைக் கம்பிக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்தினான். என் கட்டை விரல் பொத்தான்மேல். கை மேலே போனது. கொக்கி மாட்டியது. அழுத்தினேன். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. என் தோளைத் தோழி அழுத்திய அழுத்தில் இன்றும் வலி தெரிகிறது. பிறகு பெல்ட் பிடித்தது. முன்சக்கரம் எழுந்தது, பின்சக்கரமும் எழுந்தது. பவுடரைத் தூவிக்கொண்டே எங்கள் ரோபோ ஏறியது. ஆட்டம் முடிந்த மணி அடித்தபோது தரையைத் தொடாமல் லேசாக ஆடிக்கொண்டு தொங்கியது.

நான் கத்தியது கேமரன் மலைக்கே கேட்டிருக்கும். தோழி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கையைக் கழற்ற வேண்டும் என்று மாதக்கணக்கில் சண்டை போட்டவள்! எதிரே நின்ற மலாய்ப் பெண்கள் தங்கள் ரோபோவை மறந்துவிட்டு எங்களுக்குக் கை தட்டினார்கள். அந்த ஆட்டத்தில் வென்றது என்னவோ அவர்கள்தான்.

மாலைக்குள் நாங்கள் போட்டியிலிருந்து வெளியேறிவிட்டோம். ஒரு கோப்பைகூடக் கிடைக்கவில்லை. "கப்பு இல்லன்னா என்னா, இந்த ரோபோவுக்கு முடி நல்லா வளரும்" என்றான் சீனப் பையன். வேன் தாப்பாவைத் தாண்டி மலை ஏற ஏற மீண்டும் ஸ்வெட்டர்களைத் தேடினோம். சக்கரத்தின் இடுக்கில் மிச்சமிருந்த ஒரு துளி எண்ணெய், மலைமேல் பிரிஞ்சாங் ஊர் வருவதற்குள் மறுபடி வெள்ளையாக உறைந்திருந்தது.

இப்போது நான் கீழே ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறேன். தோழி வேறு ஊரில் இருக்கிறாள். போனில் வாரம் ஒரு சண்டையாவது போட்டுக்கொள்கிறோம். என் மேசையில் எப்போதும் ஒரு பவுடர் டப்பா இருக்கும். எதற்கென்று கேட்பவர்களிடம் முகத்துக்கு என்று சொல்லிவிடுவேன். நான் பாடுபட்டுச் செய்த ஒன்றை யாராவது வேண்டாம் என்று சொன்னால் முன்பு போலவே எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. ஆனால் இப்போதெல்லாம் வாயைத் திறப்பதற்கு முன்னால், அவர்கள் பைக்குள் என்ன வைத்திருக்கிறார்களோ என்று ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கிறேன்.