ஆடி முடிவதற்குள் திரும்பிவிடலாம் என்று சொன்ன கம்பெனி

புதிதாக ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டு எந்த டிரான்ஸ்போர்ட்டில் சேரலாம் என்று கேட்டு எனக்குப் போன் செய்கிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. இரண்டு கேட்

அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். ஊர் ஆம்பூர் பக்கம் மாதனூர், சுற்றிலும் தோல் பதனிடுகிற ஷெட்டுகள். வெளிமாநிலம் போகிற லைன் வண்டி ஓட்ட வேண்டும் என்று ஆசை. ஆனால் எதற்கும் பயப்படுகிற ஆள் நான். பிரேக் பிடிக்காமல் போவதாகப் படுக்கும்போதெல்லாம் நினைப்பு வரும்.

முதலில் பைபாஸில் இருந்த ஒரு கன்டெய்னர் கம்பெனிக்குப் போனேன். ஷூ பெட்டிகளை மும்பைக்கு ஏற்றுகிறவர்கள். புது டிரைவரை மூன்று மாதம் சீனியரோடு அனுப்பிவிட்டுத்தான் தனி வண்டி கொடுப்பார்களாம். கேட்டில் செக்யூரிட்டி நாலு பக்க ஃபார்ம் ஒன்றை நீட்டினார். முழுக்க இங்கிலீஷ். பேனாவை மறந்துவிட்டேன் என்று சொல்லி, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். திரும்பிப் போகவில்லை.

அடுத்து ஆம்பூரில் தோல் ஏற்றுகிற பாய் ஒருவரிடம் போனேன். அவர் ஃபார்ம் எதுவும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். டயர், பிரேக், இன்சூரன்ஸ், பெர்மிட், வழியில் யாராவது மடக்கினால் என்ன செய்வது, எல்லாம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"நீ இன்னாப்பா, வண்டிக்கு மாப்ள பாக்க வந்தியா? கல்கத்தா போய்ட்டு பதினஞ்சு நாள்ல வந்துடலாம். நம்ம சீனியர் டிரைவர் ஏழுமலை கூட வர்றார். ஒரு பேஜாரும் இல்ல."

ஆடி பிறக்க இருந்தது. புதுப்பெண் என்பதால் என் மனைவி ரேவதியை ஆற்காடு பக்கம் கலவையிலுள்ள அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். ஆவணி ஒன்றாம் தேதி நான் போய்க் கூட்டி வர வேண்டும். எப்படியும் ஆடியில் அவள் இங்கே இல்லை, அந்த மாதத்தை வண்டியில் கழித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆடி ஐந்தில் கிளம்பினோம்.

2. கல்கத்தா ஷெட்

போகும்போது பதனிட்டுப் பேல் பேலாகப் பொதி கட்டிய தோல். வரும்போது உப்புப் போட்ட, பதனிடாத பச்சைத் தோல். போனது நல்லபடியாகப் போனது. அங்கே மழை. குடோனில் தண்ணீர் ஏறி, நாங்கள் ஏற்ற வேண்டிய தோலெல்லாம் நாசமாகிக் கிடந்தது. புதுச் சரக்கு வந்தால்தான் லோடு என்றார்கள். ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது.

வேறு ரிட்டர்ன் லோடு எடுக்கலாமே என்று ஏழுமலையண்ணனிடம் கேட்டேன். அரிசி ஏற்றிவிடுகிற புரோக்கர் ஒருவரைக் கூட்டி வந்தார். அந்த ஆள் பின்கதவைத் திறந்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டார், போய்விட்டார். அடுத்து வந்தவர் கதவுகூடத் திறக்கவில்லை. நான் உள்ளே ஏறி நன்றாக மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"உனுக்கு எப்படிடா தெரியும்?" என்றார் அண்ணன். "நீ பொறந்ததே இதுல. தோல் வண்டிக்குத் தோல்தான்டா லோடு. வேற எவனும் ஏத்த மாட்டான்."

கல்யாணமாகி முதல்முறை பஸ்ஸில் ஆம்பூர் தாண்டும்போது ரேவதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இங்கே எதுவோ செத்துக் கிடக்கிறது என்றாள். எங்கே என்று நான் ஜன்னல் வழியாகத் தேடினேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவள் தினமும் சாயங்காலம் போன் செய்வாள். ஆவணி ஒன்றாம் தேதி, பையைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறேன் என்றாள். மூன்றாம் தேதி, பை அப்படியே இருக்கிறது என்றாள். அதற்கப்புறம் போன் வரவில்லை. நான் செய்தாலும் எடுக்கவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து, டேஷ்போர்டில் ஒட்டியிருந்த அவளுடைய பொட்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாங்கள் கிளம்பிய அன்று கலவையிலிருந்து ஆற்காடு பஸ் ஸ்டாண்டு வரை வழியனுப்ப வந்தவள் வண்டிக்குள் ஏறிப் பார்த்தபோது ஒட்டியது. அது காய்ந்து விழுந்துவிடுமோ என்று அதற்கும் ஒரு பயம்.

3. கலவை வாசல்

ஒருவழியாகப் புதுச் சரக்கு வந்து ஏற்றிக்கொண்டு திரும்பினோம். ஆவணி பதினொன்றில் ஆம்பூரில் லோடு இறக்கிவிட்டு, குளிக்காமல்கூட ஆற்காடு போய்க் கலவை பஸ் பிடித்தேன். மாமியார் வாசலில் நின்றார்.

"வாங்க மாப்ள. அவ முந்தாநேத்தே போய்ட்டாளே. தெருவுல ஆளாளுக்குக் கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. தனியா போவாதடின்னு சொன்னேன், கேக்கல."

கூட்டிப்போக ஆள் வராமல் தானே பையைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீட்டுக்குப் போவது அவளுக்கு எவ்வளவு தலைகுனிவு என்று எனக்குத் தெரியும். மாதனூர் வரும்வரை என்ன சொல்வது என்று பேசிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன். அவளே, "நீங்க தெருமுனை திரும்பும்போதே தெரிஞ்சிது" என்றாள். வாசனையா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். மூக்கைப் பொத்தவில்லை.

அலமாரியிலிருந்து அந்த நாலு பக்க ஃபார்மை எடுத்தாள். துவைக்கும்போது என் சட்டைப் பையில் கிடைத்ததாம். அவள் பத்தாவது படித்தவள்.

"நான் எழுதறேன். கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

பேர், ஊர், லைசென்ஸ் நம்பர், ரத்த வகை. இந்தக் காகிதத்துக்கா பயந்தோம் என்றிருந்தது. கடைசிப் பக்கம் முடிந்ததும் பேனாவை மூடாமல் கேட்டாள்.

"எத்தினி நாளைக்கு ஒருக்கா வீட்டுக்கு வருவீங்க?"

"அதுவும் கேட்டிருக்காங்களா?"

"இல்ல. நான் கேக்கறேன்."

இன்றைக்கும் அந்த மும்பை லைனில்தான் இருக்கிறேன். தம்பிகளா, டயரைப் பாருங்கள், பிரேக்கைப் பாருங்கள். ஆனால் போகிற லோடு எதுவென்று கேட்டதோடு நிறுத்தாதீர்கள். திரும்பி வர என்ன லோடு, அது இல்லாவிட்டால் வேறு எது ஏறும் என்று கேளுங்கள். எப்போது வீடு திரும்புவீர்கள் என்ற கேள்வி எந்தக் கம்பெனி ஃபார்மிலும் இருக்காது. வீட்டில் ஒருத்தர் கேட்டுக்கொண்டிருப்பார்.