அடுத்த வருஷத்துக்காக எடுக்கப்பட்ட ஆள்

ஜிம்மின் மரத்தரைக்கு அப்போதுதான் புதிதாக வார்னிஷ் பூசியிருந்தார்கள். அந்த வாசமும், இருபது சோடிச் சப்பாத்துகள் அதில் கீச்சிடும் சத்தமும்...

ஸ்காபரோவில் ஒரு ஹைஸ்கூல். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, செப்டெம்பர் மாதம். நான் கிறேட் 11. கனடாவுக்கு வந்து எட்டு மாதம்.

பெண்கள் பாஸ்கெட்போல் ரீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற நோட்டீஸைப் பார்த்துவிட்டுப் பெரிய எண்ணத்தோடு போய் நின்றேன். யாழ்ப்பாணத்தில் நான் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் கோல் போடுகிற ஆள். அதிலும் ஒரு பந்து, ஒரு வளையம். இதிலும் ஒரு பந்து, ஒரு வளையம். இதில் என்ன புதிதாக இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

வலைப்பந்தில் பந்தைப் பிடித்தால் அப்படியே நிற்க வேண்டும். தட்டிக்கொண்டு ஓட முடியாது. எதிராளியும் மூன்றடி தள்ளி நின்றுதான் மறிக்கலாம். ஆகவே நான் பந்தைப் பிடித்தேன், நின்றேன், ஆறுதலாகக் குறி பார்த்தேன்...

ஷெரி என்றொரு பெண் வந்து, கையிலிருந்த பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

நான் 'ஃபவுல்' என்று கையைத் தூக்கினேன். விசில் வரவில்லை. எல்லோரும் அந்தப் பக்கம் ஓடிவிட்டார்கள். நான் மட்டும் தூக்கிய கையோடு நடுவில் நின்றேன். இப்போது நினைத்தாலும் சிரிப்புத்தான்.

ஆனால் ஒன்று... ஒருவரும் கிட்ட வராத நேரத்தில் நான் எறிந்ததெல்லாம் உள்ளே விழுந்தது. வலைப்பந்து வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. நேரே வளையத்துக்குள் போட்டுத்தான் எனக்குப் பழக்கம். உயரமும் ஐந்தடி பத்தங்குலம்.

கடைசியில் ரீமில் ஓர் இடம்தான் மிச்சம். ஷெரியா, நானா... அவள் மூன்று வருடமாக விளையாடுகிறவள். என்னைவிட எல்லாவற்றிலும் திறம். ஆனால் அவளுக்கு அதுதான் கடைசி வருடம்.

கோச் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அடுத்த வருஷமும் இங்கே இருப்பாய்தானே?”

ஏன் கேட்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஜூன் மாதம், ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் எங்கள் அபார்ட்மென்ற் சோஃபாவில் இருந்து, இதே விஷயத்துக்காக அண்ணாவோடு சண்டை பிடித்திருந்தேன்.

அண்ணா பிறம்ரனில் வேர்ஹவுஸ் வேலை. பாஸ்கெட்போல் பைத்தியம். பெரிய அணிகள் கொலிஜ் பெடியன்களை ஒவ்வொருவராகத் தெரிந்தெடுக்கும் ட்ராஃப்ட் ரீவியில் போய்க்கொண்டிருந்தது. நாலு வருடம் கொலிஜில் வெளுத்து வாங்கிய ஒருவனை விட்டுவிட்டு, பத்தொன்பது வயது மெலிந்த பெடியன் ஒருவனை எடுத்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

“நல்லா விளையாடினவன் என்ன மடையனோ? உது அநியாயம்.”

“மற்றவன் தன்னட்டை இருக்கிறதெல்லாம் காட்டிப்போட்டான். உவனிட்டை இன்னும் எவ்வளவு கிடக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அவங்கள் இந்த வருஷத்துக்கு ஆள் எடுக்கேல்லை. நாலாம் வருஷத்துக்கு எடுக்கிறாங்கள்.”

“வராமல் போனால்?”

“போனால் போனதுதான். நம்பித்தான் எடுக்கிறது.”

அன்றைக்கு அநியாயம் என்று கத்திய எனக்கே இப்போது அதே கணக்கில் இடம் கிடைக்கப் பார்க்கிறது. கரைச்சல் என்னவென்றால், மிஸ் கேட்ட அந்த ஒரு கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. அண்ணா முன்னமே வந்து, இங்கே நிரந்தரமாக இருக்கப் பேப்பர் எடுத்துவிட்டார். எனக்கும் அம்மாவுக்கும் அகதிக் கேஸ் இன்னும் விசாரணைக்கே வரவில்லை. அடுத்த வருடம் ரொறன்ரோவில் இருப்பேனா, திருப்பி அனுப்பிவிடுவார்களா... யாருக்குத் தெரியும்?

“யெஸ் மிஸ்” என்றேன்.

அடுத்த நாள் பட்டியலில் என் பெயர் இருந்தது. ஷெரி அதைப் பார்த்தாள். பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வீட்டில் அண்ணாவிடம் மிஸ் கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

“நீ ஓம் எண்டு சொன்னனியோ?”

“ஓம்.”

மூலையில் கிடந்த பந்தை எடுத்து என் பக்கம் உருட்டிவிட்டார்.

“சரி, சொல்லியாச்சு. இனி இடக்கையால தட்டிப் பழகு.”

அந்த சீசன் முழுக்க எனக்கு பெஞ்ச்தான். ஆனால் பார்க்கிங் லொட்டில் பந்தைத் தட்டித் தட்டி உள்ளங்கை கறுத்துப்போனது. ஸ்நோ கொட்டத் தொடங்கியதும் வீட்டுக்குள் தட்டி, கீழ்வீட்டு அன்ரியிடம் ஏச்சும் வாங்கினேன். என்னை அனுப்பிவிட்டால் ஷெரியின் இடத்தை வீணாக்கியவளாகிவிடுவேன் என்ற பயம். சத்தியமாக, கேஸைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

மார்ச்சில் விசாரணை நடந்தது. இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அம்மா கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதா.

அடுத்த நாள் காலை, முதல் மணி அடிக்க முன்னமே மிஸ்ஸின் அறைக்கு ஓடினேன். மூச்சு வாங்க, “மிஸ், அடுத்த வருஷம் நான் இங்கே இருப்பேன்” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்ததிலிருந்து நிமிர்ந்து, ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார்.

“அதைத்தான் செப்டெம்பரிலேயே சொல்லிவிட்டாயே?”

ஓம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, லொக்கரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த வருடம் முதல் ஐவரில் ஒருத்தியாக விளையாடினேன். கிண்ணம் ஒன்றும் தூக்கவில்லை... ஆனால் இடக்கையால் நன்றாகத் தட்டுவேன்.

இப்போது என் மகளும் விளையாடுகிறாள். அவள் ரீமில் எல்லாவற்றுக்கும் வீடியோ, எல்லாவற்றுக்கும் ஃபோனில் ஒரு அப். எத்தனை அங்குலம் துள்ளுகிறாள் என்றுகூட அளந்து வைத்திருக்கிறார்கள். நாங்களும் வரப்போகிற வருடத்து ஹொலிடேக்கு இப்போதே டிக்கெட் போட்டாயிற்று. அப்போது இங்கே இருப்போமா என்று ஒருவருக்கும் ஒரு யோசனையும் இல்லை. நல்லதுதான்.

அந்த நாட்களில் எயார்போட்டிலும், லோயர் ஒஃபிஸிலும், விசாரணை அறையிலும், ஊரில் என்ன நடந்தது, எப்போது நடந்தது என்றுதான் எல்லோரும் எங்களைக் கேட்டார்கள். அடுத்த வருடத்தைப் பற்றிக் கேட்டவர் அந்த மிஸ் ஒருவர்தான்.