மஞ்சள் பேனையின் நுனி

யோகநாதன் அண்ணை காலமான செய்தியை பாரிஸ் லா சப்பலில் ஒரு மளிகைக் கடைக் கண்ணாடியில்தான் கண்டேன். கறிவேப்பிலை வாங்கப் போனவள், ஒட்டியிருந்த அறிவித்தலில் அவர் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். முதலில் வந்தது அழுகை இல்லை, வெட்கம்.

புறநகரான கூசேன்வில்லில் இருந்தவர். விமான நிலையத்தில் துப்புரவு வேலை. சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ் வகுப்புக்கு வந்து விழாப் பதாகைகளுக்கு நிறம் தீட்டுவார். நான் அங்கே ஆசிரியை. தண்ணீரில் கரையும் சாதாரண மார்க்கர் பேனைகள்தான். அவற்றைக் கொண்டே ஒரு வானத்தை விடிய வைத்துவிடுவார். "ஈரம் காயமுந்திச் சேர்த்திட வேணும், ரீச்சர். காய்ஞ்சால் கோடு நிண்டிடும்" என்பார். அழுத்தித் தேய்க்கும் என்னிடம், "பேப்பர் பாவம், விடுங்கோ" என்று சிரிப்பார்.

ஒரு பொங்கல் விழாவுக்காகப் பானைக்குப் பின்னால் சூரியன் வரைந்துகொண்டிருந்தார். மஞ்சள் பேனையின் நுனியைச் சிவப்புப் பேனையின் நுனியோடு ஒட்டிப் பிடித்திருந்ததைக் கண்டேன். மண்டபத்தில் பெற்றோர் எல்லோரும் நிற்க, "என்ன அண்ணை, சின்னப் பிள்ளையள்கூட இப்பிடிச் செய்யாதுகள். பேனையைப் பழுதாக்கிப் போட்டியளே!" என்று சத்தம் போட்டேன். என் முன்கோபம் உங்களுக்குத் தெரியும். அவர் பேனைகளை மூடி வைத்தார். "ஓம் ரீச்சர், என்ரை பிழைதான்" என்று சொல்லிவிட்டு, கார் து நோர் நிலையப் பக்கமாக ரயிலுக்கு நடந்தார்.

மேசையை ஒதுக்கும்போது அந்த மஞ்சள் பேனையால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். சிவப்பாகத் தொடங்கி, செம்மஞ்சளாகி, கடைசியில் பழைய மஞ்சளாகவே முடிந்தது. ஒரே கோட்டில் நிறம் மாறத்தான் அப்படித் தொட்டெடுத்திருக்கிறார். பேனைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரை அழைக்கத் தொலைபேசியை எடுத்தேன்; பிறகு வைத்துவிட்டேன். கௌரவம் விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு புதுப் பேனைப் பெட்டியோடு வந்து நின்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லை அண்ணை." பெரிய மனதோடு மன்னிப்பவள் மாதிரி அதை வாங்கி அலுமாரியில் வைத்தேன். அதன்பின் இரண்டு வருடம் வந்தார். என் முன்னால் ஒருநாளும் நுனியோடு நுனி சேர்க்கவில்லை. பிளாஸ்டிக் மூடியில் நிறத்தைக் கிறுக்கி, ஈரத் தூரிகையால் தொட்டுத் தொட்டுத் தீட்டினார். இரட்டிப்பு வேலை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செத்தவீட்டில் அவர் மனைவி என் கையைப் பிடித்து, "வீட்டிலை எப்பவும் உங்கடை வகுப்புக் கதைதான் ரீச்சர்" என்றபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்த மஞ்சள் பேனை என்னிடம்தான் இருக்கிறது. எப்போதோ காய்ந்துவிட்டது. அன்று மண்டபத்தில் நின்றவர்களே, உங்கள் முன்னால்தான் ஏசினேன். உங்கள் முன்னாலேயே சொல்கிறேன். அண்ணை பேனையைப் பழுதாக்கவில்லை. அது அன்றைக்கே எனக்குத் தெரியும்.